பிரெய்ரி விடுபட்ட முகவரி

அருந்ததி வேலைக்கு வந்த மூன்றாம் நாளே பாலேஸ்வரிக்கு அவளைப் பிடிக்காமற் போய்விட்டது. முதல் இரண்டு நாளும் பிடித்துத்தான் இருந்தது. அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கு ஒண்டும் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேணும்" என்று சொன்ன பெட்டையை யாருக்குத்தான் பிடிக்காது? மூன்றாம் நாள், பாலேஸ்வரி மூன்று வருடமாகப் படிப்பித்து வந்த ஒரு புரோகிராமைப் பலகையில் பார்த்துவிட்டு, "இதிலை கடைசி நாலு வரியும் தேவையில்லை என்ன, அக்கா?" என்று கேட்டாள். மாணவர்களுக்கு முன்னால் கேட்டாள். பாலேஸ்வரி திரும்பிப் பலகையைப் பார்த்தாள். தேவையில்லைதான்.

இது 1990ஆம் ஆண்டின் கடைசியில் நடந்தது. நல்லூரில், கோயிலின் பின்வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, சோமசேகரம் என்பவர் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். நான்கு கொம்பியூட்டர்கள் இருந்தன. மின்சாரம் அந்த வருடத்தின் நடுவிலேயே நின்றுபோனது. பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் இருமி இருமி வேலை செய்யும். மற்ற நேரமெல்லாம் பலகையும் சோக்கும்தான்.

பாலேஸ்வரி உடுவிலில் பிறந்தவள். இருபது வயதில் கொழும்புக்குப் போய் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கொம்பியூட்டருக்கு அட்டை துளைக்கும் வேலையில் சேர்ந்தாள். இரண்டு வருடத்தில் புரோகிராம் எழுதும் மேசைக்கு மாற்றினார்கள். அந்த மேசையில் இருந்த ஒரேயொரு பெண் அவள். 83 ஜூலைக் கலவரத்தில் உடுத்த சேலையோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினாள். அதன்பிறகு நான்கு வருடம் அவளுக்குத் தெரிந்த வேலையை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ரியூசனில் கணக்குப் படிப்பித்தாள். சோமசேகரம் தன் வகுப்பைத் தொடங்கியபோது அவளைத்தான் முதலில் தேடி வந்தார். குடாநாட்டில் அந்த இயந்திரத்தைப் பழகிய கைகள் மிகக் குறைவு என்பது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்போடுதான் அவள் ஒவ்வொரு நாளும் உடுவிலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தாள்.

அருந்ததி வந்த பிறகு பாலேஸ்வரிக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. அருந்ததிக்கு வகுப்பு உள்ள நாட்களில் மதிலோரம் நிற்கும் சைக்கிள்களை எண்ணுவாள். தன் வகுப்பு நாளிலும் எண்ணுவாள். முதல் மாதம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. பிறகு அப்படி இல்லை. அருந்ததியின் நாளில் அடுத்த அறையிலிருந்து சிரிப்புக் கேட்கும். கொம்பியூட்டர் படிப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தபடியே தன் அடுத்த வகுப்புக்கு வேண்டியதைப் பலகையில் எழுதுவாள். சோக் முறியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அருந்ததி அவளுக்குக் கிட்டவும் வரமுடியாது. அது கடிதங்களின் வழி.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் கொம்பியூட்டர் கூடத்தில் கிறகோரி என்று ஒரு தொழில்நுட்ப அலுவலர் இருந்தார். பாலேஸ்வரியோடு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தவர். 91ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் எழுதினார், தங்கள் கூடத்து இயந்திரம் இப்போது வெளிநாட்டுக்கு ஈமெயில் அனுப்புகிறது என்று. அது எப்படிப் போகிறது என்பதை ஐந்து பக்கத்தில் விளக்கியிருந்தார். பாலேஸ்வரி அதை ஒரே மூச்சில் படித்தாள்.

கொழும்பு இயந்திரத்தின் பெயர் செரண்டிப். உலகத்திலே அதற்கு ஒரேயொரு இயந்திரத்தின் ரெலிபோன் இலக்கம்தான் தெரியும். ஹார்பர் என்ற அந்த இயந்திரம் அமெரிக்காவில் இருந்தது. செரண்டிப் நாளுக்கு ஒருதரம் ஹார்பருக்கு ரெலிபோன் எடுத்து, சேர்ந்த கடிதங்களையெல்லாம் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு வைத்துவிடும். ஹார்பருக்கு இன்னும் சில இயந்திரங்களைத் தெரியும். அது தன்பாட்டுக்கு அவற்றுக்கு எடுக்கும். இப்படிக் கை மாறி மாறித்தான் கடிதம் போய்ச் சேரும். ஆனால் எந்தக் கைக்குப் பிறகு எந்தக் கை என்று இயந்திரங்கள் யோசிப்பதில்லை. அதை எழுதுகிறவர்தான் சொல்லவேண்டும். ஆகவே முகவரி என்பது ஆள் இருக்கும் இடமல்ல, அங்கே போகும் பாதை முழுவதும். செரண்டிப், ஹார்பர், ரெட்வூட், பிரெய்ரி, எல்க் என்று ஒவ்வொரு பெயரையும் வரிசையாக எழுதி, இடையிடையே ஆச்சரியக்குறி போட்டு, கடைசியில் பெறுகிறவரின் பெயரை எழுதவேண்டும். ஒரு பெயர் பிழைத்தால் அந்த இடத்தில் கடிதம் நின்று, திரும்பி வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் அப்போது ரெலிபோனும் இல்லை. எனவே செரண்டிப்புக்கு இந்தப் பக்கத்து வழியைப் பாலேஸ்வரியே உண்டாக்கினாள். சிமியோன் என்று குருநகர்க்காரர் ஒருவர், மருந்துக்கடை ஒன்றுக்குச் சாமான் எடுக்க மாதம் ஒருதரம் கொழும்புக்குப் போய்வருவார். கிளாலியில் வள்ளம் ஏறி, அக்கரையில் லொறி பிடித்து, வவுனியாவில் சோதனைக்கு வரிசையில் நின்று, அவர் போய்ச் சேர எட்டு நாளாகும். இங்கே கையால் எழுதிய கடிதங்களை அவர் கொண்டுபோய்க் கொடுக்க, கிறகோரி தட்டச்சு செய்து அனுப்புவார். வந்த பதில்களைக் கடதாசியில் அச்சடித்து அவரிடமே கொடுத்துவிடுவார்.

முதற் பயணத்திலேயே ஒரு ஆமிக்காரன் கடிதத்தை விரித்து அந்த ஆச்சரியக்குறிகளைப் பார்த்துவிட்டுச் சிமியோனை ஒரு பகல் முழுக்க இருத்தி வைத்தான். வந்து அவர் சத்தம் போட்டார்.

"உது என்ன பிள்ளை, கொட்டன் தடியளாய்ப் போட்டு வைச்சிருக்கிறாய்? இரகசியமாம், கோட் வேர்டாம்! நான் மருந்துக்குப் போறவன்."

அதற்குப் பிறகு பாலேஸ்வரி ஆச்சரியக்குறிகளை விட்டுவிட்டாள். இயந்திரங்களின் பெயர்களைக் கடிதத்தின் தலையில், சுகம் விசாரிக்கவேண்டிய சொந்தக்காரரின் பெயர்களைப்போல, கமா போட்டு எழுதினாள். கிறகோரி விளங்கிக்கொண்டார். கனடா, அவுஸ்திரேலியா, நோர்வே என்று எந்தெந்த வளாகத்துக்கு எந்தெந்த வழி என்பதையெல்லாம் அவள் கிறகோரியிடம் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள். பிள்ளைகளை வெளியில் படிக்கவிட்ட தாய் தகப்பன்மார் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். "பாலேஸ்வரி ரீச்சர் எழுதினால் பிழைக்காது" என்றார்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அவளுக்காகவும் அவள் எழுதினாள். எல்க் என்ற இயந்திரம் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. அங்கே ஒரு பேராசிரியருக்கு, மேற்படிப்புக்கு இடம் கேட்டு மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் மரியாதையாகப் பதில் வந்தது. இந்த வருடம் இடமில்லை, மன்னிக்கவும். மூன்றாவது பதிலில் அவளுடைய பெயரின் எழுத்துக்கள் பிழையாக இருந்தன.

அருந்ததி இடம் கேட்டு எழுதவேயில்லை. அதே பேராசிரியரின் கட்டுரை ஒன்றின் போட்டோப்பிரதி சோமசேகரத்திடம் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வந்து, "அக்கா, இந்த மனுசன் ஏழாம் பக்கத்திலை பிழை விட்டிருக்கு. எழுதிக் கேப்பமே?" என்றாள். பாலேஸ்வரி சிரித்தாள். கேட்டுப்பாரும் என்றாள். தன் கையாலேயே கடிதத்தின் தலையில் வழியை எழுதிக் கொடுத்தாள். பேராசிரியரிடம் வாங்கிக் கட்டட்டும் என்றுதான் நினைத்தாள்.

92 பெப்ரவரி தொடக்கத்தில் சிமியோன் கொண்டுவந்த கடிதக் கட்டைப் பாலேஸ்வரிதான் வழமைபோலப் பிரித்தாள். மேலாக இருந்தது அருந்ததிக்கு. பிழையைக் காட்டியதற்கு நன்றி. இப்படிக் கவனமாகப் படிக்கிற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வந்து படிக்க விருப்பமா? உதவித்தொகை தரலாம். மார்ச் முப்பத்தொன்றுக்கு முன் ஓம் அல்லது இல்லை என்று எழுதவும்.

பாலேஸ்வரி அதை இரண்டு தரம் படித்தாள். தான் மூன்று தடவை மன்றாடிய அதே மனிதர். அதே எல்க். அருந்ததியின் பெயரில் ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை.

கிழித்துப் போடலாம் என்ற எண்ணம் வந்தது. செய்யவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தாள். அருந்ததி படித்துவிட்டுக் கதிரையில் இருந்தபடியே அழுதாள். பிறகு எழும்பிப் பாலேஸ்வரியைக் கட்டிப் பிடித்தாள்.

"அக்கா, உங்களாலைதான்."

"எனக்கென்ன, நான் முகவரிதானே எழுதினனான்" என்றாள் பாலேஸ்வரி.

இரண்டு நாள் கழித்து அருந்ததி ஓம் என்று எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தலையில் வழியை எழுத இடம் விட்டிருந்தாள். பாலேஸ்வரி பேனையை எடுத்தாள். செரண்டிப், ஹார்பர், ரெட்வூட் என்று எழுதினாள். பிறகு எல்க் என்று எழுதினாள்.

ரெட்வூட்டுக்கு எல்க்கின் ரெலிபோன் இலக்கம் தெரியாது. அதற்குத் தெரிந்தது பிரெய்ரியை. பிரெய்ரிக்குத்தான் எல்க்கைத் தெரியும். பிரெய்ரி இல்லாமல் அந்தக் கடிதம் ரெட்வூட்டில் நின்றுவிடும். திரும்பி வந்ததைக் கிறகோரி அச்சடித்துச் சிமியோனின் அடுத்த பயணத்தில்தான் கொடுத்துவிடுவார், அது இங்கே வர முதல் திகதி கடந்துவிடும். அவசரத்தில் ஒரு பெயர் விடுபடுவது யாருக்கும் நடக்கக்கூடியது. மையை ஊதிக் காயவைத்து, மடித்து, சிமியோனின் கடிதக் கட்டுக்குள் வைத்தாள். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் லேசாக ஓடியது.

மார்ச் முதற் கிழமை சிமியோன் திரும்பி வந்தார். அருந்ததிக்கு ஒன்றுமில்லை. அவர் கொழும்பில் நின்ற நாட்களுக்குள் பதில் வர நேரம் இருக்கவில்லை என்று பாலேஸ்வரி சொன்னாள். அது உண்மைதான். சிமியோன் அடுத்த பயணத்துக்கு ஆயத்தப்படுத்தும்போது அருந்ததி மறுபடி வந்தாள்.

"அக்கா, எதுக்கும் இன்னொருக்கால் எழுதி விடுவமே? முதல் கடிதம் எங்கையும் நிண்டிட்டுதோ தெரியாது."

"ஒரே கடிதம் ரெண்டுதரம் போனால் பேராசிரியர் என்ன நினைப்பார்? பொறுமையில்லாத பெட்டை எண்டு நினைப்பார்."

"அப்பிடியோ?"

"நான் எத்தினை கடிதம் அனுப்பியிருக்கிறன். ஒண்டு திரும்பி வந்ததோ, சொல்லும் பாப்பம்?"

அருந்ததி தலையாட்டிவிட்டுப் போனாள். முதலாவதை அவசரம் என்று சொல்லியிருக்கலாம். இதை என்னவென்று சொல்வது? அடுத்த நாள் பாலேஸ்வரி விடிய எழும்பி, சரியான வழியோடு தானே ஒரு கடிதம் எழுதிச் சிமியோனின் கையில் கொடுக்கலாம் என்று யோசித்தாள். எழுதியும் விட்டாள். சைக்கிளையும் வெளியில் எடுத்தாள். அப்போது, முதல்நாள் அருந்ததி சோமசேகரத்தோடு கனடாவுக்கு என்ன உடுப்புக் கொண்டுபோவது என்று கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. சைக்கிளைத் திரும்ப உள்ளே விட்டாள்.

மார்ச் முப்பத்தொன்று போனது. பாலேஸ்வரி நாட்காட்டித் தாளைக் கிழித்தாள். அருந்ததி அந்தக் கிழமை ஒருவரோடும் சிரிக்கவில்லை. மதிலோரம் சைக்கிள்கள் குறையவில்லை என்பதையும் பாலேஸ்வரி கவனித்தாள்.

ஏப்ரல் நாலாம் திகதி சிமியோன் வந்தார். இந்த முறை அருந்ததி வாசலிலேயே நின்றாள். கட்டைப் பாலேஸ்வரியிடம் கொடுக்கவிடாமல் அவர் கையிலிருந்தே வாங்கி, தானே பிரித்தாள். மூன்றாவது தாள் அவளுக்கு. பேராசிரியர் எழுதியிருந்தார்: உங்கள் கடிதம் பெப்ரவரி இருபத்தைந்தாம் திகதி கிடைத்தது. மிகவும் மகிழ்ச்சி. இடத்தை உங்கள் பெயரில் பதிந்துவிட்டேன்.

அருந்ததி துள்ளினாள். சோமசேகரம் உள்ளேயிருந்து ஓடிவந்தார். பாலேஸ்வரிக்கு விளங்கவில்லை. கிடைத்ததா? எப்படிக் கிடைக்கும்? அவள் தாளை எட்டிப் பார்த்தாள். தாளின் அடியில் கிறகோரி பேனையால் தமிழில் எழுதியிருந்தார். அருந்ததி அதைச் சத்தமாகவே வாசித்தாள்.

"பாலேஸ்வரிக்கு. முதற் தடவையாக உம்முடைய வழியில் ஒரு பெயர் விடுபட்டுப் போனது. பிரெய்ரி இல்லை. நானும் பாராமல் அப்படியே தட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் பாரும் புதினத்தை, ரெட்வூட்டில் போன மாரிக்குப் பிறகு ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்களாம். தனக்குத் தெரியாத பெயர் வந்தால் அதைப் பார்த்துத் தானே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. எங்களுடைய கடிதம் ரண்ட்ரா என்ற இன்னொரு இயந்திரத்தால் சுற்றிப் போயிருக்கிறது. இனி நாங்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லைப் போலிருக்கிறது."

வாசித்து முடித்துவிட்டு அருந்ததி தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சோமசேகரம் கற்கண்டு எடுக்க உள்ளே போய்விட்டார். சிமியோன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இஞ்சாலை வாங்கோ" என்று அருந்ததி அடுத்த அறைக்குப் போனாள். பாலேஸ்வரி பின்னால் போனாள்.

"அந்த வழி உங்களுக்கு மனப்பாடம். நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவீங்கள்."

பாலேஸ்வரி மேசையில் கிடந்த சோக்குத் துண்டை எடுத்தாள்.

"நான் ரெண்டாந்தரம் எழுதக் கேட்டனான். விடேல்லை."

"ஓம்."

"மறந்துபோச்சுது எண்டு சொல்லுங்கோவன் அக்கா. நான் நம்புறன்."

அப்படிச் சொல்லியிருக்கலாம். அருந்ததி அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றாள், கண்கள் நிறைந்திருந்தன. பாலேஸ்வரிக்கு அந்த நேரத்திலும் அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. பொய் சொல்லுவதற்குக்கூட இவளிடமிருந்து ஒரு பிச்சையா?

"மறக்கேல்லை" என்றாள். "வேணுமெண்டுதான் விட்டனான். நான் மூண்டுதரம் கேட்ட இடம் அது. நீர் கேக்காமலே உமக்குக் குடுத்தினம்."

அருந்ததி தாளை மடித்தாள். சோமசேகரம் கற்கண்டோடு வந்தபோது அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

விசாவுக்கும் சான்றிதழ்களுக்கும் இன்னும் எத்தனையோ கடிதங்கள் போகவேண்டியிருந்தன. அடுத்த நாள் காலை அருந்ததி ஒரு புதுக் கொப்பியோடு வந்து பாலேஸ்வரியின் முன்னால் இருந்தாள். "உங்கடை கொப்பியைத் தாங்கோ" என்றாள். மூன்று நாள் அதில் இருந்த வழிகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு பெயராகப் பார்த்து எழுதினாள். விளங்காத எழுத்து வந்தால் விரலை வைத்துக் காட்டுவாள், பாலேஸ்வரி வாசிப்பாள். அதற்கு மேல் ஒரு கதையும் இல்லை. பிறகு தன்னுடைய கடிதங்களுக்குத் தானே வழி எழுதினாள். ஆவணி மாதம் போய்விட்டாள். போகும்போது எல்லாரிடமும் சொன்னாள், பாலேஸ்வரியிடமும் சொன்னாள். "போட்டு வாறன்" என்று, வேறொருவரிடம் சொல்வதுபோல.

கார்த்திகையில் அவளுடைய முதற் கடிதம் வந்தது. அவளுடைய தாய் குணலட்சுமிக்கு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள். தாய்க்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. அனுப்பியவரின் முகவரி மேலே இருந்தது. பாலேஸ்வரி அதை நெடுநேரம் பார்த்தாள். அருந்ததியின் பெயர், ஆங்கில a எழுத்தைச் சுற்றிய ஒரு சின்னச் சுழி, பல்கலைக்கழகத்தின் பெயர், கனடா. அவ்வளவுதான். இடையில் ஒரு இயந்திரமும் இல்லை. யார் யாரைக் கடந்து வரவேண்டும் என்று இனி ஒருவரும் அவளுக்காக எழுதத் தேவையில்லை. அந்தச் சின்ன முகவரியைப் பார்க்கப் பாலேஸ்வரிக்கு வயிறு எரிந்தது.

தாளைக் கைப்பைக்குள் வைத்து அச்சுவேலிக்குச் சைக்கிள் மிதித்தாள். குணலட்சுமி தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டு நின்றாள். மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து வரம்பிலேயே இருந்தாள். பாலேஸ்வரி நின்றபடி வாசித்தாள். அறை, நூலகம், பேராசிரியரின் மனைவி கொடுத்த குளிர்ச்சட்டை, இரவு பகல் ஓடும் கொம்பியூட்டர்கள். ஒரு ஆளுக்கு ஒன்றாம். வாசிக்க வாசிக்க அடுத்த வரியில் தன் பெயர் வருமோ என்று கண் ஓடியது. வரவில்லை.

"உன்னைப்பற்றி ஒண்டும் எழுதேல்லையே?" என்று குணலட்சுமி கேட்டாள்.

"இல்லை."

"எழுதமாட்டாள். நீ செய்ததை எனக்குச் சொன்னவள்."

பாலேஸ்வரி தாளை நீட்டினாள். போய்விடலாம் என்று நினைத்தாள். குணலட்சுமி வாங்கவில்லை. சேறு படிந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பங்குனி மாசம் அவள் ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டு வருவாள். நான் தேத்துவன். உள்ளுக்கை எனக்குச் சந்தோசம், பிள்ளை. கடிதம் போய்ச் சேரக்கூடாது எண்டு கோயிலிலை நேந்தும் வைச்சனான். எனக்கு உவள் ஒருத்திதானே." கையிலிருந்த சேற்றைச் சுரண்டியபடி, "நீ செய்தது பிழை. நான் அதைச் சொல்ல வரேல்லை" என்றாள்.

வாய்க்காலில் தண்ணீர் அடுத்த பாத்திக்கு வழிந்தது. குணலட்சுமி எழும்பி மண்ணை வெட்டி அடைத்துவிட்டு வந்தாள்.

"இன்னொருக்கால் வாசி. அந்தக் குளிர்ச்சட்டைக் கதையிலையிருந்து."

பாலேஸ்வரி வாசித்தாள். பிறகு குணலட்சுமி சொல்லச் சொல்லப் பதிலையும் எழுதினாள்.

அதன்பிறகு மூன்று வருடம், 95இல் சண்டைக்குப் பயந்து எல்லாரும் ஊரைவிட்டு எழும்பும் வரைக்கும், சிமியோன் கட்டுக் கொண்டுவரும்போதெல்லாம் அவள் அச்சுவேலிக்குப் போனாள். அருந்ததி ஒருதரமும் அவளைக் கேட்டு எழுதவில்லை. பட்டம் பெற்றதை எழுதினாள். கார் பழகியதை எழுதினாள். பாலேஸ்வரி ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள். வாசித்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் மனம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அது ஆறியதாக அவள் ஒருநாளும் யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு மார்கழியில் குணலட்சுமி கேட்டாள், "பனி கொட்டுதாம் எண்டு எழுதியிருக்கிறாள். பிள்ளைக்குக் குளிராதே?"

"அவளுக்கென்ன குளிர்?" என்றாள் பாலேஸ்வரி. "அங்கை வீட்டுக்குள்ளை சூடு போட்டு வைச்சிருப்பினம்." பிறகு பேனையைத் திறந்து, "சொல்லுங்கோ, என்ன எழுத?" என்று கேட்டாள்.